அம்மா ஒரு இரவு வெளியே போனால் பிள்ளையை யார் பார்ப்பது?



இந்தமுறை தேர்தலும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. ஒரு கொமெடிப் படத்தைப் பற்றி எழுதப்போறன். பொறுத்துக்கொள்ளுங்கோ.

படத்தின் பெயர் ‘மொம்ஸ் நைட் அவுட்’. 2014 மே 9 அன்று அமெரிக்காவில் வெளியானது. கிறிஸ்தவ நம்பிக்கைப் படம். கெட்ட வார்த்தை கிடையாது, குடும்பத்தோடு இருந்து பார்க்கலாம். எங்களில் பாதிப்பேர் இதைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டினம். மிச்சப் பாதி ட்ரெய்லரில் அரை நிமிசம் பார்த்துவிட்டு மூடியிருப்பினம். ஆனால் எங்கட அக்காமார், மச்சாள்மார், சேர்ச்சுக்குப் போற சிநேகிதிகள் பார்த்திருக்கினம். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்ட படத்தைப் பார்த்து அவை சிரிச்சினம், கடைசியில கண்ணையும் துடைச்சினம். இரண்டு பக்கமும் பார்த்தது ஒரே படத்தைத்தான். இந்த இடைவெளியை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் என் முறைப்பாடு.

கதை பெரிசா ஒன்றும் இல்லை. அலிசனுக்கு மூன்று சின்னப் பிள்ளைகள். வீட்டோடு இருந்து வளர்க்கிறா. கனவு கண்ட வாழ்க்கைதான், ஆனால் மூச்சு விட நேரமில்லை, ஏன் இப்படி அழுகை வருது என்று அவவுக்கே விளங்கவில்லை. ஒரு சனிக்கிழமை இரவு, சிநேகிதி இஸியோடும் தங்கட சபைப் போதகரின் மனைவி சொண்ட்ராவோடும் வெளியே போய்ச் சாப்பிடுவம் என்று முடிவெடுக்கிறா. பிள்ளைகள் தகப்பன்மாரின் பொறுப்பில். பிறகென்ன, எல்லாம் பிழைக்குது. உணவகத்தில் மேசை கிடைக்கவில்லை. ஒரு கைக்குழந்தை காணாமல் போகுது. பச்சை குத்துற கடை, மோட்டார்சைக்கிள்காரர், வாடகைக் கார்த் துரத்தல், பொலிஸ் நிலையம் என்று இரவு முழுக்க ஓட்டம். அலிசனாக சாரா ட்ரூ, சொண்ட்ராவாக பட்ரீஷியா ஹீட்டன், புருஷனாக ஷோன் அஸ்டின், மோட்டார்சைக்கிள்காரராக கன்ட்ரி பாடகர் ட்ரேஸ் அட்கின்ஸ். இயக்கியவர்கள் அலபாமா மாநிலத்து பேர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆண்ட்ரூ, ஜோன் எர்வின் சகோதரர்கள். சுமார் 5 மில்லியன் டொலரில் எடுத்து, சுமார் 10 மில்லியன் வசூலித்தார்கள்.

விமர்சகர்கள் சொன்னதைச் சுருக்கினால்: இது பெண்ணை வீட்டுக்குள் திருப்பி அனுப்புற படம். ஒரு இரவு வாசலைத் தாண்டினதுக்கு இவ்வளவு தண்டனை, கடைசியில் ‘என்ர இடம் வீடுதான்’ என்ற ஞானம். ஆண்கள் பிள்ளையைத் தூக்கத் தெரியாத மடையர்கள், அதுவும் பகிடி. இந்தக் குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதி சரி. நானும் கையெழுத்து வைப்பன். பொலிஸ் நிலையத்தில் அந்த மோட்டார்சைக்கிள்காரர் அலிசனுக்குச் சொல்லுற புத்திமதியைப் பாருங்கோ: உன்னை இந்தப் பிள்ளைகளுக்குத் தாயாக்கினதில் கடவுள் பிழை விடவில்லை, நீ நீயாக இரு, மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். களைச்சுப்போன ஒருத்திக்கு அந்த நேரத்தில் இது தேவைப்படலாம். ஆனால் விடிஞ்சதும் யார் பாத்திரம் கழுவுறது என்ற கேள்வி அப்படியே கிடக்குது.

பார்த்த சனம் என்ன சொல்லிச்சு? ஒரே குரலில் ஒன்றும் சொல்லவில்லை. ‘இது என்ர வீடு, என்ர குசினி, என்ர வாகனத்துப் பின்சீட்’ என்று சொன்ன தாய்மார்தான் கூட. படத்தில் தங்கட களைப்பை ஒருத்தர் கண்டுபிடிச்சுவிட்டார் என்ற ஆறுதல் அவைக்கு. தகப்பன்மாரில் சிலருக்குக் கோபம்: எங்களை ஏன் இவ்வளவு மக்குகளாகக் காட்டினீங்கள் எண்டு. (இந்தக் கோபம் எனக்குப் பிடிச்சிருக்கு. இதை வைத்தே இன்னொரு கட்டுரை எழுதலாம்.) நம்பிக்கை உள்ளவர்களில் ஒரு பகுதிக்கு வேதம் காணாது, இன்னொரு பகுதிக்குப் பிரசங்கம் கூடிப்போச்சு. வேலைக்குப் போற தாய்மார் சிலர் ‘என்னைப்போல ஒருத்தியை இதில காணேல்லையே’ எண்டு கேட்டினம். பொதுச்சனம் மந்தை, படம் காட்டின பக்கம் போகும் என்று எங்கட ஆட்கள் சிலர் கதைப்பினம். அப்படி ஒரு மந்தையை நான் காணவில்லை. சிரிச்ச இடத்தில் சிரிச்சு, உதைத்த இடத்தில் ‘உதைக்குது’ எண்டும் சொன்ன சனத்தைத்தான் கண்டன்.

அந்தக் கடைசிக் கேள்வி சரியான இடத்தில் விழுந்த கேள்வி. படத்தில் வேலைக்குப் போயே ஆகவேண்டிய தாய் ஒருத்தி இருக்கிறாள்: அலிசன் குடும்பத்து உறவுக்காரி பிரிஜெட். புருஷன் இல்லை, கையில் குழந்தை, காசு இல்லை. அந்த இரவு காணாமல் போறது அவளின்ர குழந்தைதான். பார்த்துக்கொள்ள வேண்டியவன் ஒழுங்காகப் பார்க்கவில்லை, பிள்ளை கைமாறுது, விட்ட இடத்தில் இல்லை. படத்தின் முழு ஓட்டமும், முழுப் பகிடியும் இந்த ஒரு விசயத்தில்தான் நிற்குது. ஏழைத் தாய் ஒருத்திக்குச் சனிக்கிழமை இரவு பிள்ளையை நம்பி விட ஒரு இடம் இல்லை. அப்படி ஒரு இடம் இருந்திருந்தால் இருபதாவது நிமிசத்திலேயே படம் முடிஞ்சிருக்கும். ஆனால் கடைசி அறிவுரை பிரிஜெட்டுக்கு இல்லை, அலிசனுக்கு. வீடும் சம்பாதிக்கிற புருஷனும் உள்ள தாயின் மனச்சோர்வு ஆன்மீகப் பிரச்சினையாகி, அருளால் தீருது. பிரிஜெட்டின்ர பிரச்சினைக்கு அருள் காணாது எண்டு திரைக்கதை எழுதினவருக்கே உள்ளூரத் தெரிஞ்சிருக்க வேணும். குழந்தை கிடைச்சதோட அந்தக் கதையை மூடிவிட்டார்.

அமெரிக்காவில் இது ஏன் பகிடியாக முடியுது என்பதுக்கு ஒரு வரலாறு இருக்கு. இரண்டாம் உலகப் போரில் பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைகளில் தேவைப்பட்டபோது, மத்திய அரசே காசு போட்டுப் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களை நடத்தியது. போர் முடிஞ்சதும் காசை நிறுத்தியது. 1971 இல் விரிவான பிள்ளை வளர்ச்சிச் சட்டம் இரு அவைகளிலும் நிறைவேறியது. நாடு முழுக்க, குடும்ப வருமானத்துக்கேற்ற கட்டணத்தில் பராமரிப்பு நிலையங்கள் வந்திருக்கும். அந்த டிசம்பரில் நிக்சன் அதை வீட்டோ செய்தார். குடும்பத்தை மையமாகக் கொண்ட வளர்ப்புக்கு எதிராக, கூட்டு வளர்ப்பின் பக்கம் அரசு சாயக்கூடாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. பனிப்போர்க் காலம், பிள்ளைப் பராமரிப்பு நிலையமும் கம்யூனிசமாகத் தெரிஞ்சது. அதுக்குப் பிறகு 1993 இல் வந்த குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் தருவது 12 வாரம், சம்பளம் இல்லாமல், அதுவும் 50 பேருக்குக் குறையாத வேலையிடங்களில் ஒரு வருசமாவது வேலை செய்தவர்களுக்கு. சம்பளத்தோடு மகப்பேற்று விடுப்பு தரச்சொல்லி எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவான மத்திய சட்டம் இன்றைக்கும் கிடையாது. படம் வந்த அதே 2014 இல், வேலை நேர்காணலுக்குப் போக வேறு வழியில்லாமல் பிள்ளைகளைக் காருக்குள் விட்டுப்போன ஒரு தாயை அந்த நாட்டுப் பொலிஸ் கைதுசெய்தது. அலிசன் பொலிஸ் நிலையம் போனது சிரிப்பு. இவ போனது வழக்கு.

எர்வின் சகோதரர்களின் முந்தின பெரிய படம் ‘ஒக்ரோபர் பேபி’. கருக்கலைப்புக்கு எதிரான படம். பட்ரீஷியா ஹீட்டனும் அந்த இயக்கத்தில் வெளிப்படையாக நிற்கிறவர்தான். அவர்களின் சொந்த மாநிலமான அலபாமாவில் 2022 க்குப் பிறகு கருக்கலைப்பு ஏறக்குறைய முழுத் தடை. வருமானம் குறைந்த வயதுவந்தவர்களுக்கு மெடிக்கெய்ட் காப்புறுதியை விரிவாக்க மறுத்து நிற்கிற மாநிலங்களிலும் அலபாமா ஒன்று. ‘நீ தாயாகியே தீரவேண்டும்’ என்பது சட்டம், ‘தாயாவது எவ்வளவு கஷ்டம்’ என்பது கொமெடி. இரண்டும் ஒரே ஊரில், ஒரே ஆட்களின் ஆதரவோடு. இதை நாங்கள் சொல்லத்தான் வேணும். ஆனால் யாருக்குச் சொல்லுறம், எங்க நின்று சொல்லுறம் எண்டதையும் யோசிக்க வேணும்.

வியாபாரத்தையும் கொஞ்சம் பார்ப்பம். இது சின்னச் சபைக்காரர் சேர்ந்து எடுத்த படம் இல்லை. சோனியின் ட்ரைஸ்டார் வெளியிட்டது. 2004 இல் மெல் கிப்சனின் படம் ஓடின ஓட்டத்தைப் பார்த்து ஹொலிவூட் பாடம் படிச்சது. 2008 இல் அரை மில்லியன் டொலரில் எடுத்த ‘ஃபயர்ப்ரூஃப்’ 33 மில்லியன் வசூலித்தது. சூத்திரம் லேசு: போதகர்களுக்கு முதலே போட்டுக் காட்டு, சபை சபையாக ரிக்கெட்டை மொத்தமாக விற்பனை செய், விமர்சகர் என்ன எழுதினாலும் கணக்கில் எடுக்காதே. ஒழுங்கமைப்பு என்றால் என்ன என்று இடதுசாரிகள் ஸ்டுடியோக்காரரிட்டப் படிக்கவேண்டி வந்திருக்கு. வெட்கம்தான்.

இனி, என்னை இதை எழுத வைத்த விசயம். என்ர அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், மருந்துக்கடையில் வேலை, ஸ்காபரோவில் ஒரு தமிழ்ச் சபைக்குப் போறவ. இந்த மே மாதம் அன்னையர் தினத்துக்கு அவையின்ர சபை மண்டபத்தில் இந்தப் படத்தைப் போட்டிருக்கினம். நான் கேட்டன், எப்பிடி இருந்தது எண்டு.

“படம் பெரிசா ஒண்டுமில்லை. அந்தப் பெடியன் கடைசியில பிரசங்கம் வைக்கத் தொடங்க எனக்குக் கொட்டாவி.”

“பிறகேன் சந்தோசமா வந்தனி?”

“ஒண்டரை மணித்தியாலம் ஒருத்தரும் என்னை அம்மா எண்டு கூப்பிடேல்லை.”

எப்படிக் கூப்பிடவில்லை? சபையின் வாலிபர் குழுவில் நாலு பெடியங்கள் கீழே பேஸ்மென்டில் பிள்ளைகள் எல்லாரையும் வைத்திருந்தவையாம். பாய் விரிச்சு, ஜூஸ் கொடுத்து, சின்னதுகளுக்கு நேரத்துக்குத் தீத்தியும் விட்டவையாம். மேல் மண்டபத்தில் திரை சொல்லுது, கடவுள் பார்த்துக்கொள்வார் எண்டு. கீழே பார்த்துக்கொண்டது நாலு பெடியங்கள்.

இதை நான் ஒரு நல்ல படத்தைவிட முக்கியமான விசயமாக நினைக்கிறன். படத்தின் கருத்தை மட்டும் வைத்து அந்தப் பின்னேரத்தை விமர்சித்தால் பேஸ்மென்ட் தெரியாது. அக்கா சந்தோசமாக வந்தது மேலே நடந்ததால் இல்லை.

அன்னையர் தினத்தின் பழங்கதையே இதுதான். 1914 மே 9 அன்று ஜனாதிபதி வில்சன் அதை அறிவித்தார். படம் சரியாக நூறு வருசம் கழித்து அதே தேதியில் வந்தது. அந்த நாளுக்காகப் போராடின ஆனா ஜார்விஸ் பிறகு அதைப் பூக்கடைக்காரரும் வாழ்த்தட்டைக்காரரும் கொள்ளையடிக்கினம் எண்டு சாகும்வரை சண்டை பிடிச்சவர். ஆனால் எனக்கு அவரின் தாயார் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸைத்தான் பிடிக்கும். இன்றைய மேற்கு வேர்ஜினியாவின் மலைக் கிராமங்களில், 1850களில், தாய்மாரின் வேலைக் கழகங்களைத் தொடங்கினவர். மெதடிஸ்ட் சபைக்காரி, ஞாயிறு பள்ளி நடத்தினவர். பெற்ற பிள்ளைகளில் நாலு பேர்தான் வளர்ந்து ஆளானார்கள். மற்றவர்களை நோய் கொண்டுபோனது. அந்தக் கழகங்கள் மருந்துக்குக் காசு சேர்த்தன, பாலைச் சோதித்தன, காசநோய் வந்த தாய்மாரின் வீடுகளில் வேலை செய்ய ஆள் வைத்துக் கொடுத்தன. தாய்க்கு நோய் என்றால் அந்த வீட்டு வேலை ஊரின் வேலை.

எங்கட பக்கத்து மரபும் இதை அறியாதது இல்லை. 1969 ஜனவரியில் ஓக்லண்டில் பிளாக் பாந்தர் கட்சி பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலைச் சாப்பாடு தொடங்கியது. தொடங்கின இடம் புனித அகஸ்தீன் ஆலயம். கட்சி வகுப்பு நடத்த முதல் பிள்ளையின் வயிறு நிறையவேண்டும் எண்டு அவைக்கு விளங்கியிருந்தது. 1970களில் ரொறொன்ரோவிலேயே வீட்டுவேலைக்குச் சம்பளம் கேட்ட பெண்கள் குழு இயங்கினது. 1975 ஒக்ரோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்கள் வீட்டுவேலையையும் சேர்த்து ஒரு நாள் நிறுத்தினபோது, தகப்பன்மார் பிள்ளைகளை வேலையிடங்களுக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. அலிசனின்ர அந்த ஒரு இரவை ஒரு நாடே சேர்ந்து எடுத்தது போல.

இப்ப எங்கட கூட்டங்களைப் பாருங்கோ. வியாழக்கிழமை இரவு 7 மணி. இரண்டாம் மாடி, தள்ளுவண்டி ஏறாத படி. ஒன்பதரைக்கும் முடியாது, முக்கியமான முடிவுகள் பத்தரைக்கு, மிஞ்சின ஏழு பேரால். அந்த ஏழு பேரில் சின்னப் பிள்ளை உள்ள ஒருத்தியையும் நான் கண்டதில்லை. சின்னப் பிள்ளை உள்ள ஆண் தோழர்களைக் கண்டிருக்கிறன். அவர்களின் பிள்ளைகள் அந்த நேரம் யாரோடு எண்டு யாரும் கேட்டதில்லை. பதில் எல்லாருக்கும் தெரியும். சமூக இனப்பெருக்கம் பற்றி நாங்கள் நடத்தின வாசிப்பு வட்டமும் 7 மணிக்குத்தான். ஃபெடரிச்சியை வாசிக்க வந்த இரண்டு தாய்மார் இரண்டாம் கிழமையோட நின்றுவிட்டினம்.

ஒன்ராறியோ 2022 மார்ச்சில் கடைசி மாகாணமாக நாளுக்கு 10 டொலர் பிள்ளைப் பராமரிப்புத் திட்டத்தில் கையெழுத்து வைத்தது. கியூபெக் 1997 இலேயே 5 டொலரில் தொடங்கினது; அங்கே பெண்கள் இயக்கம் வருசக்கணக்காகத் தள்ளித்தான் வந்தது. நல்லது, இன்னும் இடங்கள் வேணும், அதுக்குப் போராடத்தான் போறம். ஆனால் பெரும்பாலான நிலையங்கள் பின்னேரம் 6 மணியோட பூட்டுப்படும். இரவு வேலைக்குப் போற தாய்க்கும் கூட்டத்துக்கு வர நினைக்கிற தாய்க்கும் அந்த 10 டொலர் உதவாது. அந்த இடைவெளியை இப்ப நிரப்புறது அம்மம்மாக்களும் கோயில்களும் சபைகளும்.

நிரப்புறவருக்குப் பலம் வரும். 2015 இல் ஒன்ராறியோவின் புதிய பாலியல் கல்விப் பாடத்திட்டத்துக்கு எதிராக எத்தனை மத, குடியேறிய சமூகங்களில் பெற்றோர் திரண்டினம் எண்டு ஞாபகம் இருக்கும்; 2018 இல் ஃபோர்ட் அரசு அதைத் திருப்பி வாங்கினது. அந்தப் பெற்றோரிட்ட நாங்கள் துண்டுப்பிரசுரத்தோட போனம். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பெடியன் நாளைக்கு ஒரு மனுவை நீட்டினால் அக்கா வாசிக்காமலே கையெழுத்து வைப்பா. நான் நீட்டினால், நான் தங்கச்சி, வாசிச்சுப் பார்த்துட்டு வைப்பா. நீங்கள் நீட்டினால் ‘நீங்கள் ஆர்?’ எண்டு கேட்பா.

சேர்ச் நல்லது, நாங்கள் கூடாது எண்டு சொல்லவரவில்லை. அந்த பேஸ்மென்டுக்கு ஒரு விலை இருக்கு. பிரிஜெட் மாதிரி ஒருத்தி புருஷன் இல்லாமல் பிள்ளையோட வந்தால், அல்லது ஒரு பெடியன் இன்னொரு பெடியனைக் காதலிச்சால், அந்த விலை என்ன எண்டு எங்களில் சிலருக்கு நல்லாத் தெரியும். அதனால்தான் விலை இல்லாத ஒரு பேஸ்மென்ட் வேணும் எண்டுறன்.

அக்காவிட்ட எங்கட கூட்டத்துக்கு வரச்சொல்லிக் கேட்டனான். “ஏழு மணிக்கு சின்னவனுக்குத் தீத்திற நேரமடி. உங்கட கூட்டத்தில ஆர் தீத்துவினம்?” எண்டா.

ஆகவே நடைமுறைக்கு வாறன். அடுத்த பொதுக்கூட்டம் ஞாயிறு பின்னேரம் 3 மணி, தரைத்தளத்தில் வைப்பம் எண்டு முன்மொழியிறன். பக்கத்து அறை பிள்ளைகளுக்கு. ஒரே நேரத்தில் இரண்டு பேர், தனி ஆள் கூடாது. பிள்ளைகளோட இருக்கிற எல்லாரும் பொலிஸ் பதிவுச் சோதனை எடுக்க வேணும், அந்தச் செலவு நிதியில் இருந்து. சோறு, பருப்பு, ஒரு கறி, உறைப்பு இல்லாமல். முடிவெடுக்கிற விசயங்கள் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள். முறை வைத்து அட்டவணை போடுவம். இரண்டு தரம் தவறவிட்டவர் அந்த மாதம் மேடையில் பேசக்கூடாது.

அட்டவணைக்குப் பெயர் தர விரும்புறவை இந்த மின்னஞ்சலுக்கே பதில் போடுங்கோ. வெள்ளிக்கிழமைக்குள் தந்தால் நல்லது. முதல் எட்டுப் பெயரும் ஆண்களாக இருந்தால் இன்னும் நல்லது. தீத்தத் தெரியாதெண்டால் கவலை இல்லை, அக்கா வந்து பழக்கி விடுறன் எண்டு சொல்லியிருக்கிறா.